சனிக்கிழமைக்காரர்

'கடை மூடப்படுகிறது, எல்லாம் பாதி விலை' என்று சிவப்பு மையில் எழுதிய அட்டையை ஹெல்மி கண்ணாடிக் கதவில் ஒட்டி நிமிரவும், தெருமுனையில் ஆர்வோ நீமியின் ஆரஞ்சு நிறக் கம்பளிக் குல்லாய் தலைகாட்டவும் சரியாக இருந்தது.

"போச்சு! வந்துட்டாரு!"

அட்டையைப் பிய்த்தெடுத்தாள். எங்கே ஒளிப்பது? மேஜைக்கு அடியில் வைத்தால், அங்கே படுத்திருக்கும் கடைப் பூனையைத் தடவ ஆர்வோ குனிவார். அலமாரிக்குப் பின்னால் செருகலாம் என்றால் இடமில்லை. யோசிக்க நேரமும் இல்லை. நாற்காலியில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

கதவு மணி கிணுகிணுத்தது. பின்னாலேயே ஒரு வாய் பனிக்காற்றும், ஆர்வோவும்.

"என்ன ஹெல்மி, ஏரிப்பக்கம் போனியா? காத்து காதை அறுத்துக் கையில குடுக்குது."

"நான் எங்க போறது, இங்கயேதான் உட்கார்ந்திருக்கேன்."

"அது தெரியுது. இந்த வாரம் எனக்கு என்ன வெச்சிருக்கே?"

எழுந்தாள். அவளோடு அட்டையும் எழுந்தது. ஒட்டுநாடா பாவாடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுவிட்டது. ராஜாவுக்கு முதுகு காட்டக் கூடாது என்று அந்தக் காலத்தில் மந்திரிகள் பின்னோக்கியே நடப்பார்களாமே, அப்படி ஆர்வோவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பின்பக்கமாக நடந்து அலமாரிக்குப் போனாள். கைக்கு அகப்பட்ட ஒரு புத்தகத்தை உருவினாள்.

"முட்டிவலியா?" என்று ஆர்வோ கேட்டார்.

"ஆமா. முன்னால நடந்தா வலிக்குது."

ஆர்வோ தலையை ஆட்டினார். எண்பத்திரண்டு வயதுக்காரருக்கு எந்த முட்டிவலியும் ஆச்சரியமில்லை. புத்தகத்தின் பின்னட்டையைத் திருப்பி விலையை மட்டும் பார்த்தார், திருப்தியாகக் கனைத்தார், காசைக் கொடுத்தார், குல்லாயைத் தொட்டு விடைபெற்றுக்கொண்டு போனார்.

அவர் போன கையோடு பக்கத்துக் கடை மர்லீன், இறைச்சியை மாவில் பொதிந்து சுட்ட சூடான பேஸ்டி இரண்டைத் தட்டில் ஏந்திக்கொண்டு நுழைந்தாள். ஹெல்மி கதவைச் சாத்தத் திரும்பியதுதான் தாமதம், மர்லீன் தட்டை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அடியே! உன் பின்னாடி 'எல்லாம் பாதி விலை'ன்னு போட்டிருக்கு!"

"சிரிக்காதே."

"பாதி விலைன்னாலும் எவன் வாங்குவான்? மூணாவது சனிக்கிழமைடீ இது. ஒட்டற, அவரு வர்றாரு, பிய்க்கற. ஒரு நாள் ஞாயித்துக்கிழமையா பார்த்து ஒட்டேன்."

"ஞாயித்துக்கிழமை ஒட்டினா சனிக்கிழமை பார்ப்பாரு இல்ல? பார்த்துட்டு எங்கே போவாரு? சொல்லு. அந்த மனுஷனுக்குப் புத்தகத்தை விட்டா வேற என்ன இருக்கு?"

மர்லீன் பேஸ்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

ஆகேட் முனை என்ற அந்த ஏரிக்கரைச் சிற்றூரின் பிரதான வீதியில் கடை மூடுவது புதிதில்லை. முதலில் செருப்புக் கடை போனது. பிறகு துணிக்கடை. பிறகு ஆணி, சுத்தியல் விற்ற கடை. நெடுஞ்சாலைப் பக்கம் பெருங்கடை வந்த பிறகு மருந்துக் கடையும் போனது. மிச்சம் இருந்தவை ஒரு முடிதிருத்தகம், மர்லீனின் பேஸ்டிக் கடை, ஹெல்மியின் புத்தகக் கடை. மர்லீனுக்குக் கவலையில்லை, அந்த ஊரில் சூடான பேஸ்டி போனில் தட்டி வரவழைக்கிற சமாச்சாரம் இல்லை. புத்தகம் அப்படியா? ராத்திரி தட்டினால் இரண்டே நாளில் வாசலில் பெட்டி. ஹெல்மியின் கடையில் நின்று அட்டைப்படம் பார்த்து, நாலு பக்கம் படித்து, அவளிடம் "இது நல்லா இருக்குமா?" என்று யோசனையும் கேட்டுவிட்டு, அங்கேயே நின்று போனில் தட்டுகிறவர்களும் உண்டு.

கடை அவளுடைய முப்பது வருஷம். ஆனால் முட்டி முப்பது வருஷத்துக்கு மேல் தாங்காது என்று சொல்லிவிட்டது. அரிசோனாவில் இருக்கும் தங்கை எல்சா வாரம் தவறாமல் கூப்பிட்டாள்.

"உன் அறைக்கு மஞ்சள் பெயின்ட் அடிச்சாச்சு அக்கா. ஜன்னலைத் திறந்தா வெயில். நீ அங்க பனியை வாரி வாரிக் கொட்டிக்கிட்டுக் கிட."

"வந்துடறேன் எல்சா. ஒரே ஒரு சிக்கல்தான்."

"அந்தக் கிழவரா? ஒரு வாடிக்கையாளருக்காக ஒருத்தி கடை நடத்துவாளா?"

நடத்துவாள். காரணம் இருந்தது. ஆர்வோவின் மனைவி ஹில்டா சனிக்கிழமை தவறாமல் வந்து புத்தகம் வாங்குவாள். இரும்புத் தாது ஏற்றும் கப்பலில் எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்ற ஆர்வோ, வெளியே வண்டியிலேயே உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பார். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஹில்டா போய்ச் சேர்ந்தாள். அடக்கம் முடிந்த மறு சனிக்கிழமை கதவு மணி அடித்தது. ஆர்வோ. ஹில்டா எப்போதும் நிற்கிற அலமாரிக்கு முன்னால், குல்லாயைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்ததும் ஹெல்மிக்குத் தாங்கவில்லை, மேஜையில் கவிழ்ந்து விசும்பி அழுதுவிட்டாள். ஆர்வோ குல்லாயை மாட்டினார், மறுபடி கழற்றினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஹில்டா வாங்கற மாதிரி ஒண்ணு குடும்மா. இனிமே நான் வரேன்" என்றார்.

அன்றிலிருந்து ஒரு சனிக்கிழமைகூடத் தப்பியதில்லை. இடுப்பளவு பனி கொட்டினாலும், தெருவில் பனியை வாருகிற வண்டி வராவிட்டாலும், ஆரஞ்சுக் குல்லாய் வந்துவிடும். போன வாரப் புத்தகம் எப்படி என்று கேட்டால், ஆழ்ந்து யோசித்துவிட்டு ஒன்றே ஒன்று சொல்வார்:

"முடிவை நான் எதிர்பார்க்கவே இல்லை."

அப்படிப்பட்டவரிடம் போய் 'கடை கிடையாது' என்று எப்படிச் சொல்வது?

"நேரா சொல்ல முடியலேன்னா சுத்தி வளை," என்றாள் மர்லீன். "அவருக்கே படிக்கற ஆசை விட்டுப் போகணும். அறுவையா ஒண்ணு குடு."

யோசனை நல்லதாகத்தான் பட்டது. மறு வாரம் ஹெல்மி கிடங்கிலிருந்து தலையணை கனத்துக்கு ஒரு புத்தகத்தைத் தூக்கி வந்தாள். மாநிலத்தின் வடபகுதியில் சாக்கடை வெட்டிய வரலாறு. வரைபடங்களோடு. பல வருஷமாக ஒரு எலிகூட அதைச் சீண்டவில்லை.

ஆர்வோ அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார். விலையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இந்த மாதிரி நீ எனக்கு எடுத்துத் தரதே இல்லையே!"

அடுத்த சனிக்கிழமை ஹெல்மி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "எப்படி இருந்தது?"

ஆர்வோ தூரத்தில் எதையோ பார்த்தார். "முடிவை நான் எதிர்பார்க்கவே இல்லை."

"சாக்கடை வரலாறுலயா?"

"அதான் சொல்றேன், எதிர்பார்க்கவே இல்லை. இதைவிடக் கனமா ஏதாச்சும் இருக்கா?"

ஹெல்மி மனம் உருகிப்போனாள். சாக்கடையிலும் சுவை காண்கிற வாசகன் உலகத்தில் எத்தனை பேர்! "பார்த்தியா மர்லீன்? இவரைப் போய் நான் ஏமாத்தப் பார்த்தேனே" என்று அன்று பூராவும் புலம்பினாள். மர்லீன் மட்டும், "சாக்கடைக்கு என்னடி முடிவு, ஏரிதானே?" என்று முணுமுணுத்தாள்.

சரி, ஆசையைக் கெடுக்க முடியாது. வழியை மாற்றிவிடலாம். அடுத்த தடவை ஆர்வோ வந்தபோது ஹெல்மி மெதுவாக ஆரம்பித்தாள்.

"பக்கத்து ஊர் நூலகத்துல புதுசா நிறைய வந்திருக்காம். எல்லாம் இலவசம்."

ஆர்வோ திடுக்கிட்டார். "இலவசமாவா? அப்படின்னா உன் கடை?"

"என் கடையை விடுங்க. இல்லைன்னா போன்லயே வாங்கலாம். பாருங்க, நானே சொல்லித் தரேன். இங்க தட்டணும்..."

"ஹெல்மி." ஆர்வோவின் குரல் தாழ்ந்தது. "நிஜத்தைச் சொல்லு. வியாபாரம் அவ்வளவு மோசமா?"

"ஐயோ, அதுக்கு இல்லை..."

"கடைக்காரியே எதிர்க்கடைக்கு வழி சொல்றான்னா என்ன அர்த்தம்? கப்பல் முழுகப்போகுதுன்னா முதல்ல எஞ்சின் அறைக்காரனுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியுது."

அன்றைக்கு ஒன்றுக்கு மூன்றாக வாங்கிக்கொண்டு போனார். போனவர் சும்மா இருந்தாரா? புதன்கிழமை சௌனா என்கிற நீராவிக் குளியலறையில் ஆவி பறக்க உட்கார்ந்துகொண்டு, கூட வியர்த்துக்கொண்டிருந்த கிழவர்கள் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவக் கோயிலில் ஆராதனை முடிந்து காபி குடிக்கிற நேரத்தில் பெண்களிடமும் சொல்லிவிட்டார்.

"பாவம் ஹெல்மி. வெளிய சொல்ல மாட்டா. பெருமைக்காரி."

திங்கள்கிழமை காலை ஹெல்மி கடையைத் திறக்கும்போது வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். தபால் ஆபீஸ் அம்மா, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், பாதிரியாரின் மனைவி. துக்க வீட்டுக்கு வந்தவர்கள் போல எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். ஆளுக்கொரு புத்தகம் வாங்கினார்கள். பாதிரியாரின் மனைவி ஹெல்மியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நாங்க எல்லாம் இருக்கோம்" என்றாள். ஒருவர் டூனா மீன் போட்டுச் சுட்ட நூடுல்ஸ் பாத்திரம்கூடக் கொண்டுவந்திருந்தார். அந்த ஊரில் யாராவது செத்தால்தான் அது வரும்.

அந்த வாரம் விற்ற அளவுக்கு அந்த வருஷத்திலேயே விற்றிருக்கவில்லை.

"நல்லதுதானே?" என்றாள் மர்லீன்.

"என்ன நல்லது? முன்னாடி ஒருத்தர்கிட்டதான் சொல்ல முடியலே. இப்ப ஊருக்கே சொல்ல முடியாது!"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். ஆனால் ஹெல்மி லேசில் விடுகிறவள் இல்லை. ஆற அமர யோசித்துப் பார்த்தாள். ஆர்வோவுக்கு உண்மையில் வேண்டியது என்ன? புத்தகம். புத்தகத்தைப் பற்றிப் பேச நாலு பேர். அதற்குக் கடை எதற்கு? ஒரு வாசகர் வட்டம் ஆரம்பித்துக் கொடுத்துவிட்டால், அவள் போன பிறகும் அது பாட்டுக்கு நடக்கும். கோயில் கீழ்த்தளத்தில் கூடட்டும். நாற்காலி இருக்கிறது, காபிப் பானை இருக்கிறது, ஹெல்மி வேண்டியதில்லை.

கோயிலில் அறிவிப்பு ஒட்டினாள். வியாழக்கிழமை சாயங்காலம் பத்துப் பேர் வந்தார்கள். ஹெல்மி பேச வாயெடுக்குமுன் ஆர்வோ எழுந்து நின்றார்.

"எனக்கு ஒரு யோசனை. இதை இங்க வெச்சா யாருக்கு லாபம்? கடையில வெச்சா, வர்றவங்க ஆளுக்கு ஒண்ணாவது வாங்குவாங்க இல்ல?"

"ஆமாமா!" என்றது கூட்டம்.

"கடையில அத்தனை நாற்காலி கிடையாது!" ஹெல்மி அலறாத குறை.

"செருப்புக் கடையில கிடக்கே," என்றார் கணக்கு வாத்தியார். "சாவி என் மச்சினன்கிட்டதான் இருக்கு."

இப்படியாக, வாடிக்கையாளரின் பாதத்தை ஏந்தி அளவெடுப்பதற்காகச் செய்த, முன்பக்கம் சரிந்த குட்டை முக்காலிகள் ஒரு டஜன் புத்தகக் கடைக்கு வந்து சேர்ந்தன. ஊர்ப் பெரியவர்கள் அவற்றில் குந்தி, முழங்கால் காதைத் தொட, கலங்கரை விளக்கத்தில் தனியாக வாழ்ந்த ஒருவனைப் பற்றிய நாவலை அலசினார்கள். அவன் செய்தது தப்பு என்று தபால் ஆபீஸ் அம்மா அடித்துச் சொன்னாள். தனியாக இருக்கிறவனுக்குத் தப்பும் சரியும் யார் பார்த்துச் சொல்வது என்றார் கணக்கு வாத்தியார். நாற்பது வருஷமாக ஒரே தெருவில் இருந்தும் 'குளிர் ஜாஸ்தி, குளிர் கம்மி' தவிர வேறொன்றும் பேசிக்கொள்ளாத இரண்டு பேர் அன்று முகம் சிவக்கச் சண்டை போட்டார்கள். போகும்போது ஒருவர் கோட்டை மற்றவர் எடுத்து மாட்டிவிட்டார்.

ஆர்வோ மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"நீங்க என்ன நினைக்கறீங்க ஆர்வோ?" என்று பாதிரியாரின் மனைவி கேட்டாள்.

"முடிவை நான் எதிர்பார்க்கவே இல்லை."

"ஓ! நாங்க இன்னும் பாதிகூடத் தாண்டலை. முடிவு எப்படி?"

"சொன்னா உங்களுக்குக் கெட்டுப்போயிடும்," என்றார் ஆர்வோ கண்டிப்பாக. எல்லோரும் அவரை மரியாதையோடு பார்த்தார்கள்.

வட்டம் பெருத்தது. தங்கள் ஊர்க் கடைகளைப் பறிகொடுத்த பக்கத்து ஊர்க்காரர்கள் பனியில் வண்டியோட்டி வந்தார்கள். காபி போதவில்லை என்று மர்லீன் பெரிய பானை கொண்டுவந்தாள், பானையோடு பேஸ்டியும் விற்றாள். பிள்ளைகளை எங்கே விடுவது என்று கேட்டவர்களுக்காக ஒரு மூலையில் கம்பளம் விரிந்தது. ஹெல்மி எதையும் வேண்டும் என்று செய்யவில்லை. ஒவ்வொன்றையும் தடுக்கத்தான் பார்த்தாள். தடுக்கிற ஒவ்வொன்றும் இரட்டிப்பாக வந்து நின்றது. ஒரு நாள், அலமாரிக்கு முன்னால் நின்ற ஒரு பெண் போனை எடுப்பதைப் பார்த்தாள். இவளும் இங்கேயே நின்று தட்டப்போகிறாள் என்று நினைத்தாள். அந்தப் பெண் போனில், "அம்மா, நீ கேட்டது இங்க இருக்கு, வாங்கிடவா?" என்றாள்.

ஹெல்மி உள்ளே போய்க் கொஞ்ச நேரம் பெட்டிகளுக்கு நடுவில் சும்மா நின்றாள். முட்டி அன்றைக்கு ஏனோ வலிக்கவில்லை.

ஏரியில் பனி உடையத் தொடங்கிய சமயம், கட்டடச் சொந்தக்காரர் டெல்பர்ட் வந்தார். பேச்சை நீட்டுகிற ஆள் இல்லை.

"ஹெல்மி, பனிவண்டி வாடகைக்கு விடறவன் ஒருத்தன் இந்த இடத்தைக் கேட்கறான். நீ போறதா பேச்சு. போறியா, இருக்கியா? இருந்தா அஞ்சு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுடு. இல்லைன்னா அவனுக்குச் சொல்லிடறேன். வெள்ளிக்குள்ள சொல்லு."

அன்றைக்கு எல்சாவும் கூப்பிட்டாள். "மஞ்சளுக்குப் பொருத்தமா திரை வாங்கிட்டேன்கா. எப்ப வரே?"

இரண்டு பக்கமும் இழுத்தார்கள். ஒரே ஒரு ஆளிடம் கேட்டுவிட்டால் தீர்ந்தது என்று ஹெல்மிக்குத் தோன்றியது. நேராகப் போய், முகத்தைப் பார்த்து, உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான். ஏலக்காய் மணக்கப் பின்னல் ரொட்டி ஒன்று சுட்டு, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஏரிக்கரையில் இருக்கும் ஆர்வோவின் வீட்டுக்கு நடந்தாள்.

ஆர்வோ கதவைப் பாதிதான் திறந்தார். இடுக்கில் தன் உடம்பை வைத்து அடைத்துக்கொண்டு நின்றார்.

"ஹெல்மியா! இன்னைக்கு செவ்வாய்க்கிழமை இல்ல?"

"செவ்வாய்தான். ரொட்டி சுட்டேன். உள்ள வரலாமா?"

"உள்ளயா... உள்ள ஒரே குப்பையா கிடக்கு."

அவர் தோளுக்கு மேலாக ஹெல்மி எட்டிப் பார்த்தாள். கூடம் முழுக்க அட்டைப் பெட்டிகள். சுவரோரம், சோபா மேல், கூரை உயரத்துக்கு, வரிசை வரிசையாக. நடக்க ஒரு சந்து மட்டும் விட்டிருந்தது. ஆறு வருஷத்துச் சனிக்கிழமைகள்!

"எல்லாத்தையும் பத்திரமா வெச்சிருக்கீங்களா?"

ஆர்வோ திரும்பிப் பெட்டிகளைப் பார்த்தார். அகப்பட்டுக்கொண்டவர் போலக் கன்னத்தைச் சொறிந்தார். "அது... ஆமா. பத்திரமா இருக்கட்டுமேன்னு."

"உங்க மக டுலூத் நகரத்துக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காளாமே."

"ட்ரூடியா? கூப்பிடறா. பேரப்பசங்க வேற. துறைமுகம் பக்கத்துலயே வீடு. ஜன்னல்ல உட்கார்ந்தா கப்பல் வர்றது தெரியுமாம்." ஒரு கணம் அவர் கண் எங்கோ போய்த் திரும்பியது. "எப்படிப் போறது? சனிக்கிழமை இருக்கே."

ஹெல்மி ரொட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "ஆர்வோ, ஒருவேளை... ஒருவேளை கடை..."

"கவலைப்படாதே ஹெல்மி." பெரிய கை ஒன்று வந்து அவள் தோளில் விழுந்தது. "நீ இருக்கற வரைக்கும் நானும் இருப்பேன்."

அதற்கு மேல் என்ன கேட்பது? ரொட்டியை அவர் கையில் திணித்துவிட்டுத் திரும்பி விறுவிறுவென்று நடந்தாள். வழியெல்லாம் அந்த வாக்கியம் கூடவே வந்தது. நீ இருக்கும்வரை நான் இருப்பேன். அப்படியானால் நீ போனால்? ஒரு மனிதனின் உயிரைத் தூக்கி அரிசோனாவின் மஞ்சள் அறைக்கு விலையாகக் கொடுப்பதா?

டெல்பர்ட்டின் வீட்டுக் கதவைத் தட்டி, நின்ற நிலையிலேயே ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாள்.

போட்டுவிட்டு வெளியே வந்தபோதுதான் ஒன்று தெரிந்தது. ஆர்வோவுக்காக என்று சொல்லிக்கொண்டு போட்டது பொய். பாரம் இறங்கினாற்போல் இருந்தது அவளுக்குத்தான். கடையைப் பூட்டிக்கொண்டு போக அவளுக்கு எந்தக் காலத்திலும் மனசு வந்திருக்கவில்லை. ஒரு சாக்குத்தான் வேண்டியிருந்தது, அதை ஆரஞ்சுக் குல்லாய் போட்டு அனுப்பியிருந்தான் ஆண்டவன்.

எல்சாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"அப்ப திரையை என்ன பண்றது?"

"தொங்க விடு. ஜனவரியில வந்து ஒரு மாசம் இருக்கேன். கடையை மர்லீன் பார்த்துப்பா."

"ரெண்டு மாசம் இரு."

"சரி, ரெண்டு."

வியாழக்கிழமை கடை கொள்ளாத கூட்டம். முக்காலிகள் போதாமல் கணக்கு வாத்தியார் ஏணிப்படியில் உட்கார்ந்திருந்தார். ஆர்வோ வழக்கமான மூலையில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து, நீல மேல்கோட்டுப் போட்ட ஒரு நடுத்தர வயதுப் பெண் நின்றாள். "என் மக ட்ரூடி. சும்மா பார்த்துட்டுப் போக வந்திருக்கா" என்று ஆர்வோ எல்லோருக்கும் அறிமுகம் செய்து வைத்தார். வெளியே அவளுடைய பெரிய வண்டி, பின்பக்கம் காலியாக, தெருவை அடைத்துக்கொண்டு நின்றது.

ஹெல்மி ஒரு முக்காலி மேல் ஏறி நின்றாள். அது சரிந்ததால் மர்லீன் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாருக்கும் ஒரு விஷயம். நான் கடையை மூடப்போறேன்னு ஊர்ல ஒரு பேச்சு இருந்தது. பொய் இல்லை. மூடறதாத்தான் இருந்தேன்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ஆர்வோ தலையைத் தூக்கினார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கையை நீட்டி மகளின் கையைப் பிடித்தார்.

"ஆனா மூடலை!" என்றாள் ஹெல்மி. "அஞ்சு வருஷத்துக்கு எழுதிக் குடுத்துட்டேன்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. பூனை எங்கோ ஓடி ஒளிந்தது. கணக்கு வாத்தியார் ஏணியிலிருந்து இறங்கி, தபால் ஆபீஸ் அம்மாவைக் கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்ட பிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்து, அப்படியே மரியாதையாகக் கை குலுக்கினார்.

ஹெல்மி கீழே இறங்கி நேராக ஆர்வோவிடம் வந்தாள். அவர் முக்காலியில் அப்படியே சரிந்து உட்கார்ந்திருந்தார். குல்லாயைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. சந்தோஷம் தாங்காமல் இப்படி ஆகும் என்று ஹெல்மிக்குத் தெரியும், அவளுக்கே ஆகியிருக்கிறது.

"அஞ்சு வருஷமா?" என்றார் ஆர்வோ.

"முழுசா அஞ்சு வருஷம்!"

ஆர்வோ விரல்விட்டு எண்ணினார். "அப்ப எனக்கு எண்பத்தேழு."

"எண்பத்தேழுலயும் இங்கதான் வருவீங்க. உங்க அலமாரி உங்களுக்குக் காத்திருக்கும்."

ஆர்வோ எழுந்தார். இரண்டு கைகளாலும் அவள் கையைப் பிடித்து ஆட்டினார். "நல்ல காரியம் பண்ணினே ஹெல்மி. ரொம்ப நல்ல காரியம். நான் வரேன். தவறாம வரேன்." குரல் கம்மியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, காபி வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் மெல்ல நடந்து போனார்.

அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்ற ஹெல்மிக்குக் கண் நிறைந்தது. ட்ரூடி பக்கம் திரும்பினாள். அந்தப் பெண் வாசலில் நிற்கும் தன் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க என்னை மன்னிக்கணும் ட்ரூடி. பேரப்பசங்களோட இருக்க வேண்டியவரை நான் இங்கயே பிடிச்சு வெச்சிட்டேன். ஆனா என்ன பண்றது சொல்லுங்க? புத்தகம்னா அவருக்கு உசுரு இல்லையா!"

ட்ரூடி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்பா இதுவரைக்கும் ஒரு புத்தகம்கூடப் பிரிச்சதில்லைங்க. 'பாவம் அந்தப் பொண்ணு, எங்கிட்ட அழுதுட்டா, நானும் வாங்கலேன்னா அவளுக்கு யாரு இருக்கா, அவ என்னைக்குக் கடையை மூடறாளோ அன்னைக்கே வண்டி ஏறிடறேன்'னு சொல்லி, வீட்டுச் சாமானையெல்லாம் பெட்டியில கட்டி வெச்சுக்கிட்டு, ஆறு வருஷமா என்னைக் காக்க வெச்சுட்டிருக்கார்."